யோசித்து மிதித்த பிரேக்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் கிளட்ச் அக்கா. எனக்கு மட்டுமல்ல, எங்கள் பக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு அவர்தான் மாஸ்டர். "கிளட்ச்... கிளட்ச்... அய்யோ, கிளட்சும்மா!" என்று அவர் கத்துவது தெருக்கோடி வரை கேட்கும். அந்தக் கத்தலே பெயராக ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்சில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவர் சேர்ந்தது கார் ஓட்டுவதற்காக அல்ல. முன்னறையில் ஒரு மேசை, ஒரு போன், ஒரு பசை டப்பா. வருகிறவர்களுக்கு வகுப்பு நேரம் சொல்வதும், விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டுவதும்தான் வேலை. கணவர் தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிறவர். ஒரே மகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். கார் கற்க வந்த பெண்கள் பலர், "லேடீஸ் மாஸ்டர் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போவதை முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் பசை டப்பாவை மூடச் சொல்லி, அக்காவைக் காரில் ஏற்றிவிட்டார்.

அக்காவுக்கு அது கைவந்துவிட்டது. கால்வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். ஓட்டுகிறவர் என்ன கூத்தடித்தாலும், பக்கத்தில் இருப்பவர் காலை வைத்தால் வண்டி நின்றுவிடும். ஒருமுறை சந்தில் இருந்து ஒரு வேன் எதிரே பாய்ந்து வந்தது. நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வண்டி மெத்தென்று நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தால் அக்கா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படிக்கா?" என்றேன்.

"பயந்து மிதிச்சா அது பிரேக் இல்லம்மா, உதை. பார்க்கணும், நினைக்கணும், அப்புறம் மிதிக்கணும். எல்லாம் அரை நொடிதான். ஆனா அந்த வரிசை மாறக்கூடாது."

இதை எல்லோரிடமும் சொல்வார். அவருக்குத் தன்னைப் பற்றி இருந்த பெருமை அது ஒன்றுதான். சமையல் சுமார் என்று அவரே ஒத்துக்கொள்வார். அழகாகக் கோலம் போட வராது. ஆனால் இத்தனை வருடத்தில் பயந்துபோய் ஒரு தடவைகூடப் பிரேக்கில் கால் வைத்ததில்லை என்பார்.

பல் டாக்டர் வந்து சேர்ந்தது நான் கற்று முடித்த வருடம், கோடைக்குப் பிறகு. ஐம்பதைத் தாண்டியவர். கடைவீதியில் கண்ணாடிக் கதவு போட்ட கிளினிக். ஊரில் பெரிய மனிதர்கள் எல்லோரும் அவரிடம்தான் பல் காட்டுவார்கள். புதுக் கார் வாங்கியிருந்தார். ஓட்டுநரை நம்பி இருக்க முடியாது, நாமே ஓட்டிவிடலாம் என்று வந்ததாகச் சொன்னார். ஸ்கூலில் ஆண் மாஸ்டர்கள் இரண்டு பேர் இருந்தும், "அவங்க கத்துறாங்களாமே, எனக்குப் பொறுமையா சொல்லித் தர்ற ஆள் வேணும்" என்று அக்காவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அக்காவைவிடக் கத்துகிற ஆள் அந்தத் தெருவிலேயே கிடையாது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று அக்கா பிறகு சொன்னார்.

முதல் இரண்டு வகுப்புகள் ஒழுங்காகப் போயின. மூன்றாவதில் கியர் மேல் இருந்த அக்காவின் கை மேல் அவர் கை வந்து உட்கார்ந்தது. அடுத்த வகுப்பில் கியரைத் தேடிய கை அக்காவின் முழங்காலுக்கு வந்தது. "கியர் அங்க இல்ல சார்" என்று அக்கா குரலை உயர்த்தினார். "சாரி, சாரி, புதுசு பாருங்க" என்று சிரித்தார் டாக்டர்.

அக்கா நேராக முதலாளியிடம் போனார். "அந்த ஆளை வேற மாஸ்டர்கிட்ட மாத்திவிடுங்க சார். கை சரியில்ல."

முதலாளி கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். "பெரிய மனுஷன்மா அவரு. புதுசா ஓட்டுறவங்களுக்குக் கை எங்க போகுதுன்னே தெரியாது, உனக்குத் தெரியாததா? இன்னும் நாலஞ்சு கிளாஸ்தான். கண்டும் காணாம முடிச்சு அனுப்பிடு."

வீட்டில் கணவரிடம் அக்கா சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வார் என்று பயம். ஆக, பயமே இல்லாதவர் என்று சொல்ல முடியாது. அந்தப் பயம் காரை விட்டு இறங்கிய பிறகுதான் வரும்.

அன்று காலை வகுப்பு. ஊருக்கு வெளியே, மனைகள் பிரித்துப் போட்டு வீடு எதுவும் எழும்பாத ஒரு பகுதி உண்டு. அகலமான சாலைகள், போக்குவரத்து கிடையாது. எல்லா டிரைவிங் ஸ்கூல்களும் அங்கேதான் பழக்கும். கிளம்பும் முன் டாக்டரை பெல்ட் போட வைத்தார் அக்கா. வழக்கமாகத் திரும்பும் முனை வந்தபோது, "இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் திருப்புங்க சார்" என்றார். டாக்டர் திருப்பவில்லை. வண்டி நேராகப் போனது.

"சார், திருப்பச் சொன்னேன்."

"இன்னும் கொஞ்ச தூரம் போலாமே" என்றபடி டாக்டர் ஒரு கையால் பெல்ட்டைக் கழற்றினார். "வயித்தை இறுக்குது."

"பெல்ட்டைப் போடுங்க. வண்டியை நிறுத்துங்க."

அவர் வேகத்தைக் கூட்டினார். ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. இன்னொரு கை அக்காவின் பின்கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. ஸ்கூல் சீருடைச் சட்டையின் காலரோடு சேர்த்துப் பிடித்த பிடி. அக்கா இரண்டு கையாலும் அதை விலக்கப் பார்த்தார். முடியவில்லை. பல் பிடுங்கிப் பழகிய கை, சும்மா இருக்குமா? "கத்தினா யாரு வரப் போறா?" என்று டாக்டர் சொன்னதை அக்கா கேட்டார். அந்தச் சாலையின் முடிவில் பாதி கட்டிய பாலம், அதன் கைப்பிடிச் சுவர். சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அக்கா பார்த்தார், நினைத்தார், மிதித்தார்.

டாக்டரின் நெற்றி முன்கண்ணாடியில் போய் மோதியது. வாய் ஸ்டியரிங்கில் இடித்து முன்பற்கள் இரண்டு உடைந்தன. முட்டுக் கொடுக்க நீட்டிய வலது மணிக்கட்டு எசகுபிசகாக மடங்கியது. பெல்ட் போட்டிருந்த அக்கா ஆடிப்போய் அப்படியே உட்கார்ந்திருந்தார். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் இரண்டு ஆள் நிற்கும் இடம் இருந்தது.

அதன் பிறகு அக்கா செய்ததுதான் எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம். கண்ணாடி துடைக்கிற துணி வேண்டாம், அழுக்கு என்று யோசித்து, தன் துண்டை எடுத்து டாக்டரின் நெற்றியில் அழுத்திக் கட்டினார். அவரைத் தான் உட்கார்ந்திருந்த இருக்கைக்கு மாற்றி, பெல்ட்டையும் மாட்டிவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வழியெல்லாம் டாக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டுக்கு அடியில் இருந்து ஒரு கண் மட்டும் அக்காவைப் பார்த்துக்கொண்டே வந்தது. அந்த நேரத்தில் அவர் கதையைத் தயார் செய்துகொண்டிருந்தார் என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்?

கார் விபத்து என்பதால் ஆஸ்பத்திரியில் இருந்து போலீசுக்குத் தகவல் போனது. டாக்டரின் மனைவி வந்தார், மைத்துனர் வந்தார், கூடவே ஒரு வக்கீலும் வந்தார். டாக்டர் தரப்பு போலீசிடம் சொன்னது சுருக்கமானது: சரியாகச் சொல்லித் தரவில்லை என்று கண்டித்தேன், அந்தப் பெண் ஆத்திரத்தில் பிரேக்கை மிதித்துவிட்டாள், எனக்கு இப்போது பேச முடியவில்லை, மீதியை என் வக்கீல் சொல்வார். அவ்வளவுதான்.

அக்காவை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். போகும் வழியில் கணவருக்குப் போன் செய்தார். கணவர் எங்கேயோ ஒரு கிணற்றடியில் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "நான் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காத. யாராவது வக்கீலைப் பிடிச்சிட்டு வரேன்" என்றார்.

"எதுக்கு வக்கீலு? நான் என்ன திருடிட்டேனா? நடந்ததைச் சொல்லப் போறேன், அவ்வளவுதானே" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

ஸ்டேஷன் அக்கா நினைத்த மாதிரி இல்லை. யாரும் அதட்டவில்லை. இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர், படிய வாரிய தலை, மேசையில் குடும்பப் படம். மின்விசிறியைத் தன் பக்கமிருந்து அக்கா பக்கம் திருப்பி வைத்தார்.

"உட்காருங்கம்மா. பதறாதீங்க. டீ சாப்பிடுறீங்களா?"

அந்த டீயில்தான் அக்கா விழுந்தார். காலையில் இருந்து யாரும் அவரை என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் டாக்டரைச் சுற்றி நின்றார்கள். முதலாளி போனில், "காருக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டார். இங்கே ஒருவர் மின்விசிறியைத் திருப்பி வைக்கிறார்.

"உங்க வாயாலயே சொல்லுங்க. நான் குறுக்க பேசமாட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர். ஓரத்தில் ஒரு போலீஸ்காரர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். இன்னொருவர் கதவருகே நின்றார். பெண் போலீஸ் யாரும் அறையில் இல்லை. வேண்டும் என்று கேட்கலாம் என்பதும் அக்காவுக்குத் தெரியாது.

அக்கா கொட்டினார். கியர் மேல் வந்த கை, முழங்கால், முதலாளி, திரும்பாத முனை, பின்கழுத்து, பாலம். எதையும் விடவில்லை. பிறகு இன்ஸ்பெக்டர் கேட்க ஆரம்பித்தார். குரல் அதே பதமாகத்தான் இருந்தது.

"அவர் பெல்ட் கழட்டினதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். வண்டிக்குள்ள நடக்கிற எதையும் நான் பார்க்காம விடமாட்டேன்."

"அப்ப பிரேக் மிதிக்கும்போது, அவருக்கு பெல்ட் இல்லன்னு தெரியும்."

"தெரியும் சார்."

"அந்த வேகத்துல முழுசா மிதிச்சா, பெல்ட் போடாத ஆளு என்ன ஆவாரு?"

"முன்னால போய் இடிப்பாரு. முதல் நாள் கிளாஸ்ல நாங்க சொல்லித் தர்றதே அதைத்தானே சார்."

"ஒருவேளை பயத்துல, கால் தெரியாம பட்டிருக்குமா?"

இதை இன்ஸ்பெக்டர் கைகொடுக்கத்தான் கேட்டாரா, கணக்கை முடிக்கக் கேட்டாரா என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. அந்த நேரத்தில் அது அவர் தொழிலைக் குறை சொல்வது போலத்தான் காதில் விழுந்தது.

"சேச்சே! பயந்து மிதிக்கிற ஆளு நான் இல்ல சார். யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. யோசிச்சுத்தான் மிதிச்சேன். கையால ஒண்ணும் பண்ண முடியல, கால் சும்மா இருந்துச்சு. மிதிச்சா பிடியை விடுவான்னு தெரியும். மிதிச்சேன்."

"அவர் மேல ஏற்கெனவே கோபம் இருந்துச்சா?"

"இருக்காதா சார்? எத்தனை நாளா பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன்! இன்னைக்கு ஏதாவது பண்ணப் போறான்னு காலையிலயே மனசுல பட்டுச்சு."

"அப்ப தயாராத்தான் போனீங்க."

"மனசளவுல தயாராத்தான் சார் இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டே டீயை உறிஞ்சினார். அறை இலேசானது போல அக்காவுக்குத் தோன்றியது. வகுப்பில் ஒரு கடினமான திருப்பத்தை முடித்ததும் ஏதாவது ஜோக் அடிப்பது அவர் வழக்கம். அந்தப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"இனிமே எந்தப் பொம்பளை மேலயும் கை வைக்கமாட்டான் சார். பாடம் நடத்துறதுதானே என் வேலை!"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். கதவருகே நின்றவரும் சிரித்தார். அக்காவும் சிரித்தார். கம்ப்யூட்டர் முன் இருந்தவர் மட்டும் சிரிக்காமல் தட்டிக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்தபோது காகிதம் வந்தது.

அதில் இருந்தது இது: "மேற்படி நபர் இருக்கைப் பட்டையைக் கழற்றியிருப்பதை நன்கு அறிந்திருந்தும், அவர் மீது எனக்கு ஏற்கெனவே இருந்த ஆத்திரம் காரணமாக, அவருக்குப் பாடம் புகட்டும் எண்ணத்துடன், நன்கு யோசித்தே பிரேக்கை அழுத்தினேன்." கழுத்தைப் பிடித்தது கடைசிப் பத்தியில் வந்தது: "மேற்படி நபர் என் மீது கை வைத்ததாகவும் கூறுகிறேன்."

அக்கா இரண்டு தடவை படித்தார். "சார், இது நான் பேசின மாதிரியே இல்லையே."

"எழுத்துல அப்படித்தாம்மா வரும். பேசுற மாதிரியேவா எழுத முடியும்? இதுல நீங்க சொல்லாதது எதுன்னு காட்டுங்க, எடுத்துடலாம்."

அக்கா விரலை வைத்துத் தேடினார். "கோபம்னு சொன்னேன், ஆத்திரம்னு போட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றுதான் என்று அக்காவுக்கும் பட்டது. கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவு பேசியவர் ஒன்றை மட்டும் செய்யவில்லை. காலரைத் தளர்த்திக் கழுத்தைக் காட்டவில்லை. பின்கழுத்தில் விரல் பதிந்த இடம் சிவந்து கன்றிப் போயிருந்தது. மூன்று ஆண்கள் இருக்கும் அறையில் சட்டைப் பொத்தானைக் கழற்ற அவருக்குக் கை வரவில்லை. காயம் ஏதாவது இருக்கிறதா என்று அவர்களும் கேட்கவில்லை.

கணவர் மூச்சிரைக்க ஒரு வக்கீலம்மாவை அழைத்துக்கொண்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வக்கீலம்மா காகிதத்தின் நகலை நின்றபடியே படித்தார். பெருமூச்சு விட்டார்.

"ஏம்மா, பொய் சொல்லியிருந்தீங்கன்னா நான் சமாளிச்சிருப்பேன். இப்படி உண்மையைச் சொல்லி வெச்சிருக்கீங்களே, இதை நான் எங்கன்னு போய் உடைக்கிறது?"

"நான் என்னைக் காப்பாத்திக்கத்தானே மேடம் செஞ்சேன்?"

"அது எனக்குத் தெரியுது. அதை மட்டும் சொல்லியிருந்தா போதுமே. அவர் என் கழுத்தைப் பிடிச்சாரு, என்னைக் காப்பாத்திக்க பிரேக் போட்டேன், இதோ காயம், எனக்குத் தலை சுத்துது, மீதியை வக்கீலோட வந்து சொல்றேன். இவ்வளவுதான். சட்டம் தற்காப்புக்கு இடம் கொடுக்குதும்மா, யோசிச்சுச் செஞ்சாலும் கொடுக்குது. ஆனா நீங்க பழைய கோபம்னீங்க, தயாரா இருந்தேன்னீங்க, பாடம்னீங்க. இதுல தற்காப்பு எங்க இருக்குன்னு கேப்பாங்க. அவர் பாருங்க, பல்லு உடைஞ்ச சாக்குல வாயையே திறக்கல."

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுத்தைக் காட்டலாம் என்றார். அவர்கள் போனபோது அங்கே பணியில் இருந்தவர், "ஸ்டேஷன்ல இருந்து கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார். கடிதம் கிடைத்து மறுபடி போவதற்குள் சிவப்பு மங்கி, கொசு கடித்தது மாதிரி ஆகிவிட்டது.

கொடுங்காயம் விளைவித்ததாக அக்கா மேல் வழக்குப் பதிவானது. டாக்டரின் வலது கை, தொழில் செய்கிற கை. அதனால் வழக்குக்குக் கனம் கூடியது. அக்கா கொடுத்த புகாரையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரித்தபோது முதலாளி, "அப்படி எந்தப் புகாரும் என்னிடம் வந்ததில்லை" என்று எழுதிக் கொடுத்தார். ஊரில் பாதிப் பேர் அந்த டாக்டரிடம் வாயைத் திறந்தவர்கள். அவருக்கு எதிராக வாயைத் திறக்கத்தான் ஒருவரும் இல்லை. சாட்சி இல்லை என்று அக்காவின் புகார் கொஞ்ச நாளில் மூடப்பட்டது.

பல் டாக்டருக்கே பல் போச்சு என்று டீக்கடைகளில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அக்காவுக்கும் சேர்த்துத்தான். "உங்க காருக்குப் பிரேக் நல்லா பிடிக்குதாமே" என்று ஒருவன் தெருவில் கேட்டுவிட்டுப் போனான். நாங்கள், அவரிடம் படித்த பெண்கள் சிலர், அவர் நல்லவர் என்று சொல்லக் கோர்ட்டுக்கு வரத் தயாராக இருந்தோம். "நல்லவங்கதான், யாரு இல்லைன்னா? நீங்க யாரும் அன்னைக்குப் பின் சீட்ல உட்காரலையே" என்று வக்கீலம்மா எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வீட்டில் கணவர் முதலில் ஆதரவாகத்தான் இருந்தார். ஒருநாள் அந்த வாக்குமூலத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து கேட்டார். "எத்தனை நாளா பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன்னு முன்பின் தெரியாத போலீஸ்காரன்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைக்குப் போகாதேன்னுவீங்க."

"இப்ப மட்டும் போறியா?"

அதற்கப்புறம் அவர்கள் சண்டை போட்டுக்கொண்டதில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அக்கா சொன்னார். சாப்பாடு, கரண்ட், மகளின் படிப்பு, இவை மட்டும் பேச்சாக மிஞ்சின.

வழக்கு இழுத்தது. மகள் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போன பிறகுதான் அக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். அதற்கு முந்தின நாள் வக்கீலம்மா அலுவலகத்தில் உட்கார வைத்துக் கேட்டார்.

"அந்த நேரத்துல உங்களுக்குப் பயம் கொஞ்சம்கூட இல்லையா?"

"இருந்துச்சு மேடம். சுவரு வருது, கழுத்தைப் பிடிச்சிருக்கான், பயம் இல்லாம இருக்குமா?"

"அதைச் சொல்லுங்க. நாளைக்கு அதை மட்டும் சொல்லுங்க. யோசிச்சேன், தெரியும், பார்த்தேன், இந்த மூணு வார்த்தையும் உங்க வாயில இருந்து வரக்கூடாது. ஸ்டேஷன்ல அப்படி ஏன் சொன்னீங்கன்னு கேட்டா, அதிர்ச்சியில என்ன பேசினேன்னே தெரியலன்னு சொல்லுங்க."

கோர்ட்டில் அரசு வக்கீல் துருவினார். பயம் என்றார் அக்கா. அவ்வளவு அனுபவம் இருந்துமா பயம் என்று கேட்டார். ஆமாம் என்றார் அக்கா. அப்படியானால் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் மிதித்தீர்களா என்று கேட்டார்.

அக்கா கூண்டின் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். எதிர் வரிசையில் டாக்டர், புதுப் பற்களோடு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆமாங்க. பதட்டத்துல என்ன பண்றேன்னு தெரியாம மிதிச்சுட்டேன்."

அவர் வாழ்க்கையில் போலீசிடமும் கோர்ட்டிலும் சொன்ன ஒரே பொய் அதுதான். அது பலித்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தார்கள். வக்கீலம்மா கைகுலுக்கினார். கணவர் வாசலில் நின்றிருந்தார். "முடிஞ்சுதா? வா, போலாம்" என்றார்.

அக்காவுக்கு அதற்குள் வேறு நினைப்பு வந்திருந்தது. பழைய முதலாளி இல்லாவிட்டால் இன்னொரு ஸ்கூல். வழக்கு நடந்தபோது முடக்கி வைத்திருந்த பயிற்சியாளர் உரிமத்தைப் புதுப்பிக்க, தீர்ப்பின் நகலோடு லைசென்ஸ் ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். தீர்ப்பை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் படித்தார்.

"விடுதலை ஆயிட்டீங்க, சந்தோஷம்மா. ஆனா இதுல உங்க சாட்சியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்களே. பதட்டத்துல என்ன பண்றேன்னு தெரியாம பிரேக்கை மிதிச்சேன்னு."

"ஆமா சார்."

"டிரைவிங் சொல்லித் தர்றவங்க பதட்டப்படலாமா? இதைப் படிச்சதுக்கு அப்புறமும் நான் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு வேற ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க?"

"சார், நான் பதட்டப்படல. யோசிச்சுத்தான்..." என்று ஆரம்பித்த அக்கா வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

மேல்முறையீடு செய்யலாம் என்று அந்த இளைஞரே சொன்னார். வக்கீலம்மா வேண்டாம் என்றார். ஒரு இடத்தில் யோசித்தேன் என்றும் இன்னொரு இடத்தில் யோசிக்கவில்லை என்றும் சொல்லப் போனால், பொய்ச்சாட்சி சொன்னதாகப் பழைய வழக்கைக் கிளறுவார்கள் என்றார். பத்துப் பன்னிரண்டு வருடத் தொழில் அந்த மேசை மேலேயே முடிந்தது.

இப்போது அக்கா ஒரு ரொட்டிக் கம்பெனியின் வேன் ஓட்டுகிறார். விடிந்ததும் சுடச்சுட ரொட்டியை ஏற்றிக்கொண்டு கடை கடையாக இறக்கிவிட்டு, மதியத்துக்குள் வண்டியைத் திருப்பி விடுகிறார். வேனில் அவர் தனி. பக்கத்து இருக்கையில் காலித் தட்டுகளை அடுக்கி வைத்திருப்பார். யாரைப் பார்த்தும் கத்த வேண்டியதில்லை. குரலே இறங்கிவிட்டது. போன மாதம் எங்கள் தெருக்கடையில் அவரைப் பார்த்தபோது, இன்னொன்றையும் சொன்னார்.

முந்தின வாரம் ஒரு கடை வாசலில் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். சாதாரணச் சட்டையில் ஒருவர் வந்து, "நல்லா இருக்கீங்களாம்மா? ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அந்த இன்ஸ்பெக்டர். கொஞ்சம் நரைத்திருந்தாராம்.

"தீர்ப்பு வந்ததைக் கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். நீங்க நல்லவங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா. நாங்க எங்க வேலையைத்தானே செய்ய முடியும்?"

அக்கா அடுத்த தட்டை இறக்கினார்.

"நல்ல வேளை, உங்களையே பார்த்துட்டேன். என் பொண்ணு கார் ஓட்டக் கத்துக்கணும்னு நிக்கிறா. இப்ப இருக்கிற பசங்களை நம்பித் தனியா அனுப்ப முடியுதா, சொல்லுங்க? நல்ல லேடீஸ் மாஸ்டரா தேடுறேன். ஒருத்தரும் கிடைக்கல. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"நீங்க என்னக்கா சொன்னீங்க?" என்று நான் கேட்டேன்.

"இல்ல சார்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்றது? மின்விசிறியைத் திருப்பி வெச்ச மனுஷன்." அக்கா கடைக்காரரிடம் காலித் தட்டுகளை வாங்கி அடுக்கினார். "திரும்பவும் கேட்டாரு, யோசிச்சுப் பாருங்கம்மான்னு. யோசிச்சிட்டேன் சார், யாரும் இல்லன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டேன்."

இன்னும் இரண்டு கடை பாக்கி இருப்பதாகச் சொல்லி, வேனின் பின்கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டார்.